நூற்றில் ஆடிய ஸ்டீயரிங்

ஜனவரியில் வரும் திம்கத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு, கோயில் கலைந்த நேரத்தில், எத்தியோப்பியாவின் அதாமா நகரில் எங்கள் சக்கரக் கடை வாசலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் எவரும் வந்து 'நானும் அங்கேதான் இருந்தேன்' என்று கதை சொல்லக் கூடாது.

சாவுச் செலவுக்கு ஊர் கூடி நடத்தும் ஈமச்சங்கத்தின் தலைவர் தெமிஸ்ஸே. மசாலா மண்டி ஹாஜி சிராஜ். மரியம் கோயில் பாதிரியார் அபா ஹப்தே. இந்த மூவரும் சமரசம் பேச வந்த பெரியவர்கள். எதிர்ப்பக்கம் மாவு மில் முதலாளி எந்திரியாஸ் மாமோ, அவர் மனைவி ஃபெலெகெச், அவர்களுடைய டிரைவர் ஸெரிஹுன். எங்கள் பக்கம் என் இறந்துபோன தம்பியின் மகள் அய்னாலெம். பிறகு நான், வுப்ஷெட் கிஸாவ். மொத்தம் எட்டுப் பேர். வேறு ஒருவரும் இல்லை.

நடுவில் எந்திரியாஸின் வெள்ளை மின்சாரக் கார் நின்றது. அதன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு. சாக்குக்குள் ஒரு கல்.

கல் எதற்கு என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தவறு செய்தவர் கல்லைக் கழுத்தின்மேல் சுமந்துகொண்டு, குனிந்து நின்று மன்னிப்புக் கேட்பார். பாதிக்கப்பட்டவர் கல்லை இறக்கி வைப்பார். பிறகு எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சாப்பிடப் போவார்கள். நல்ல வழக்கம்தான். தவறு செய்தவர் சுமக்கும்வரை நல்ல வழக்கம்.

நவம்பர் கடைசியில் எந்திரியாஸ் இந்தக் காரை அய்னாலெமிடம் விட்டார். அவள் நான்கு சக்கரங்களையும் சமன் பார்த்து, நேர் பார்த்துக் கொடுத்தாள். ஜனவரி முதல் வாரத்தில் நடந்த ஈமச்சங்கக் கூட்டத்தில், கூடாரத்துக்குள் நூற்றைம்பது பேர் முன்னால், எந்திரியாஸ் எழுந்து நின்று சொன்னது இது: "கிஸாவ் வீட்டுப் பொண்ணு என் காரை ஜாக்கிலேருந்து தவற விட்டுட்டா. ஸ்டீயரிங் தண்டு வளைஞ்சுபோச்சு. சொல்லாம மூடி மறைச்சுக் கொடுத்துட்டா. நூறுல போனா ஸ்டீயரிங் கையில நிக்க மாட்டேங்குது."

எங்கள் கடைப் பலகையில் 'கிஸாவ்' என்றுதான் எழுதியிருக்கிறது. அது என் தகப்பனார் பெயர். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நாளைக்கு ஆறு வண்டி வந்த இடத்தில் ஒன்று வந்தது. சில நாள் அதுவும் இல்லை. அய்னாலெம் காலையில் கடையைத் திறந்து, கம்ப்ரஸரைத் துடைத்து, மாலையில் பூட்டினாள். என்னிடம் ஒரு வார்த்தை குறைபட்டுக்கொள்ளவில்லை. அதுதான் என்னை எழுப்பியது.

மூத்தவர்களை மரியாதையாக அழைக்கும் 'காஷே' போட்டுத் தெமிஸ்ஸே தொடங்கினார்.

"காஷே வுப்ஷெட், நாங்க மூணு பேரும் பேசி முடிச்சுட்டோம். பொண்ணு சின்னவ. எந்திரியாஸ் பெரியவர். அவ கல்லைத் தூக்கி ஒரு வார்த்தை மன்னிச்சுடுங்கன்னு சொல்லட்டும். அவர் உடனே இறக்கி வச்சுடுவார். காரை வேற இடத்துல அவரே பார்த்துக்குவார். கல்லுகூட சின்னக் கல்லாத்தான் பார்த்து எடுத்தேன்."

"கல்லோட அளவைப் பத்தி நான் கேக்கல" என்றேன். "யார் தப்புன்னு பார்த்தீங்களா?"

"சமரசத்துல அதையெல்லாம் நோண்டக் கூடாதுப்பா. ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்."

"எங்க பக்கம் எவ்வளவு இருக்குன்னு எடை போட்டுக் காட்டுங்க. கார் இங்கே நிக்குது, மெஷின் உள்ளே இருக்குது. தப்பு எங்களோடதுன்னா, அவ இல்ல, நான் தூக்கறேன். எழுபத்தி மூணு வயசு எனக்கு. மார்க்கெட் தெரு முழுக்கச் சுமந்துட்டுப் போறேன். எல்லாரும் பார்க்கட்டும். ஆனா பார்க்காம ஒரு கூழாங்கல்லைக்கூட இந்த வீட்டுல யாரும் தூக்க மாட்டாங்க."

எந்திரியாஸ் சிரித்தார். "உங்க பொண்ணே பரிசோதிச்சு, உங்க பொண்ணே தீர்ப்பு சொல்லுவாளா? நல்லா இருக்கே!"

அய்னாலெம் அப்போதுதான் வாயைத் திறந்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நான் ஓட்ட மாட்டேன், காஷே எந்திரியாஸ். நான் ஓட்டினா நான்தான் ஆட்டினேன்னு சொல்வீங்க. ஹாஜி ஓட்டட்டும்" என்றாள்.

ஹாஜி சிராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இளமையில் ஜிபூத்தி துறைமுகத்துக்கும் இந்த ஊருக்கும் இடையே பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவர். "சத்தமே போடாத வண்டியை எப்படிம்மா ஓட்டறது? உயிரோட இருக்கான்னே தெரியாதே!" என்றபடி ஏறி உட்கார்ந்தார். பக்கத்தில் அய்னாலெம். பின்னால் எந்திரியாஸ், நடுவில் தெமிஸ்ஸே, இந்த ஓரம் நான். மற்ற மூவரும் கடையிலேயே இருந்தார்கள்.

சுங்கச்சாலையில் ஏறினோம். அறுபதில் ஒன்றுமில்லை. எழுபதில் ஒன்றுமில்லை. எண்பத்தைந்தைத் தாண்டியதும் ஸ்டீயரிங் மெல்ல நடுங்கத் தொடங்கியது. நூற்றைத் தொட்டபோது ஹாஜியின் முழங்கைவரை ஆடியது. முறத்தில் தெஃப் தானியம் புடைப்பது போல இருந்தது.

"பார்த்தீங்களா!" என்றார் எந்திரியாஸ், பின்னாலிருந்து.

"பார்த்துட்டுத்தான் இருக்கோம்" என்றாள் அய்னாலெம். "ஹாஜி, பின்னாடி வண்டி எதுவும் வரல. கையை ஒரு விநாடி லேசா விட்டுப் பிடிங்க."

ஹாஜி விட்டார். ஸ்டீயரிங் ஆடியது; ஆனால் கார் கோடு போட்டது போல நேராகப் போயிற்று.

"தண்டு வளைஞ்சிருந்தா வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இழுக்கல. இப்போ பிரேக்கை மெதுவா அழுத்துங்க. ஆட்டம் கூடுதா?"

"கூடல. அப்படியேதான் இருக்கு."

"பிரேக் தட்டு கோணியிருந்தா அழுத்தறப்போ கூடும். அதுவும் இல்ல. மறுபடி நூறுக்கு வாங்க. வந்ததும் இந்தக் குமிழை நடுவுல வச்சிடுங்க. மோட்டார் இழுக்கறதை நிறுத்திடும், வண்டி தானா உருளும்."

குமிழை நடுவில் வைத்தார். மோட்டார் இழுப்பதை விட்டது. கார் ஓசையில்லாமல் உருண்டது. ஸ்டீயரிங் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

"அப்போ மோட்டாரும் இல்ல, அச்சும் இல்ல" என்றாள். "சக்கரம்."

"சக்கரத்தைத் தொட்டது யாரு? நீதானே!" என்றார் எந்திரியாஸ்.

அது நியாயமான கேள்வி. எனக்கும் அது தோன்றாமல் இல்லை.

கடைக்குத் திரும்பினோம். அய்னாலெம் முன்சக்கரங்கள் இரண்டையும் பின்னால் போட்டாள், பின்சக்கரங்களை முன்னால் போட்டாள். ஒவ்வொரு நட்டையும் அளவுகாட்டும் ஸ்பானரால் முறுக்கி, 'டிக்' என்ற ஓசை வந்த பிறகுதான் அடுத்ததுக்குப் போனாள். மறுபடி சுங்கச்சாலை. மறுபடி நூறு.

ஹாஜி ஒரே விரலால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக் காட்டினார். "முன்னாடி அசைவே இல்ல. ஆட்டம் எங்கே போச்சு?"

"என் இடுப்புக்கு வந்துடுச்சு" என்றார் தெமிஸ்ஸே. பின் இருக்கை மூன்று பேரையும் சேர்த்துக் குலுக்கியது. எந்திரியாஸின் தோள் தெமிஸ்ஸேயின் தோளில் இடித்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே குலுங்கினேன்.

இப்போது பின்னால் இருந்த இரண்டு சக்கரங்களையும் அய்னாலெம் கழற்றி உள்ளே கொண்டுபோனாள். வலது சக்கரத்தை மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டாள். முட்கள் பூஜ்யத்தில் நின்றன. இடது சக்கரம். ஒரு பக்கம் தொண்ணூற்றைந்து கிராம் கனம் கூட என்று காட்டியது. அவள் நவம்பரில் சமனுக்காக ஒட்டிய ஈயத் துண்டுகள் ஒட்டிய இடத்திலேயே இருந்தன, ஒன்றுகூட விழவில்லை.

"ஈயம் இருக்கு, ஆனா சக்கரம் சமமா இல்ல" என்றார் எந்திரியாஸ் சத்தமாக, வாசலில் நின்ற மனைவிக்கும் கேட்கும்படி. "அப்போ தப்பா ஒட்டியிருக்கா! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அபா, நீங்களே சொல்லுங்க!"

தெமிஸ்ஸே வாசலில் கிடந்த சாக்கைப் பார்த்தார். சொன்ன சொல்லை நான் திரும்ப வாங்குகிறவன் இல்லை. மார்க்கெட் தெருவின் நீளத்தை மனதுக்குள் அளந்தேன். சட்டையின் மேல் பொத்தானைக்கூடக் கழற்றிவிட்டேன், கல் கழுத்தில் உறுத்தாமல் உட்காரட்டும் என்று.

"பெரியப்பா, பொத்தானைப் போடுங்க" என்றாள் அய்னாலெம், திரும்பிப் பார்க்காமலே.

அவள் சக்கரத்தை இன்னொரு தடவை சுற்றவிட்டாள். இந்தத் தடவை அறுபது. மூன்றாவது தடவை நூற்றுப் பத்து, அதுவும் வேறு இடத்தில்.

"ஈயம் தப்பா ஒட்டியிருந்தா எத்தனை தடவை சுத்தினாலும் ஒரே எண்ணுதான் வரும். இது தடவைக்கு ஒண்ணு சொல்லுது. உள்ளே ஏதோ நகருது."

பிறகு டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்தாள். அங்கே ஒரு சிறிய மஞ்சள் புள்ளி தெரிந்தது. காற்றடிக்கும் மூக்குக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"ஹாஜி, மற்ற மூணு சக்கரத்தையும் பாருங்க. புள்ளி எங்கே இருக்கு?"

ஹாஜி முழங்காலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மூக்குக்கு நேரா இருக்கு. மூணுலயும்."

"நான் வேலை முடிச்ச ஒவ்வொரு சக்கரத்துலயும் மூக்குக்கு நேரா பெயின்ட்ல புள்ளி வைப்பேன். டயரைக் கழற்றி மறுபடி மாட்டினாத்தான் புள்ளி இடம் மாறும். இந்த டயரை எனக்கப்புறம் யாரோ கழற்றியிருக்காங்க."

"யாரும் கழற்றல!" என்றார் எந்திரியாஸ்.

டிரைவர் ஸெரிஹுன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அய்னாலெம் சக்கரத்தை மெஷினிலிருந்து இறக்கினாள். காற்றை இறக்கினாள். டயரை விளிம்பிலிருந்து நெம்பி எடுத்தாள். ஒரு பேசினுக்கு மேல் சாய்த்தாள். உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது. கறுப்பான, ரப்பர் வாடை அடிக்கும் தண்ணீர். அரை பேசின் நிறைந்தது.

மின்சாரக் காருக்கு இன்ஜின் சத்தம் இல்லாததால் சாலையின் இரைச்சல் காதில் விழும். அதை அடக்க இந்த வகை டயர்களுக்குள் சுற்றிலும் ஒரு பஞ்சுப் பட்டை ஒட்டியிருப்பார்கள். இந்த டயரில் அந்தப் பஞ்சு ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பிய்க்கப்பட்டிருந்தது. பிய்ந்த இடத்தில் ஒரு பஞ்சர் ஒட்டு. மிச்சப் பஞ்சு பாதி கழன்று, ஊறி, அடுப்படிக் கைப்பிடித் துணி மாதிரித் தொங்கியது.

ஃபெலெகெச் வாசலிலிருந்து உள்ளே வந்தாள். வெள்ளைச் சால்வையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு பேசினுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு டிரைவரைப் பார்த்தாள்.

"ஸெரிஹுன், இது எங்கே பஞ்சர் ஆச்சு?"

"அம்மா..."

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

ஸெரிஹுன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி சுவரைப் பார்த்தார்.

"சிரோவுல, அம்மா. குளுபி போறப்போ."

குளுபி மலைக்கோயிலில் கபிரியேல் தேவதூதருக்கு டிசம்பரில் திருவிழா; சிரோ அங்கே போகிற வழியில் உள்ள ஊர். எந்திரியாஸின் மகளுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் பிள்ளை இல்லை. போன வருடம்தான் உண்டானாள். அதற்கு வேண்டிக்கொண்டவள் ஃபெலெகெச். அவள் கோயில் பெண்களோடு பஸ்ஸில் போய், கடைசி மலையை வெறுங்காலால் நடந்து ஏறினாள். எந்திரியாஸ் கோயிலுக்கு நேர்ந்த காணிக்கைக் குடையை எடுத்துக்கொண்டு காரில் போனார். காணிக்கை கொண்டுபோகிற வண்டி வழியில் நின்றுவிட்டால் கபிரியேல் அதை ஏற்கவில்லை என்று அர்த்தம் என்று எங்கள் ஊரில் சிலர் சொல்வார்கள். எந்திரியாஸின் தாயார் அப்படிச் சொல்கிறவர்களில் முதல் ஆள்.

"ஆணி ஏறிடுச்சு" என்றான் ஸெரிஹுன். இப்போது வார்த்தைகள் தானாக வந்தன. "ரோட்டோரக் கடைக்காரன் டயரைத் திறந்தான். பஞ்சைப் பார்த்துட்டுச் சிரிச்சான். 'சீனாக்காரன் பேக்கிங்கை உள்ளேயே மறந்துட்டான்'னு சொல்லிப் பிய்ச்சு எறிஞ்சான். ஒட்டைப் போட்டு, காத்து வருதான்னு பார்க்க டயரைத் தண்ணிப் பீப்பாயில முக்கினான். அப்படியே எடுத்து மாட்டிட்டான். திரும்பி வர்றப்போதான் ஆட ஆரம்பிச்சுது. யார்கிட்டயும் சொல்லாதேன்னு ஐயா சொன்னாரு."

"தொடைக்கவே இல்லையா அவன்?" என்று அய்னாலெம் கேட்டாள். பொய்யைவிட அது அவளுக்குப் பெரிய குற்றமாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

எந்திரியாஸ் மனைவி பக்கம் திரும்பினார். "உன் மனசு சங்கடப்படுமேன்னுதான்... அம்மாவுக்குத் தெரிஞ்சா குழந்தையைப் பத்தி ஏதாவது சொல்லுவாங்கன்னு..."

"வேண்டுதல் என்னோடது" என்றாள் ஃபெலெகெச். "நடந்தவ நான். பஞ்சர் உன்னோடது. அதுக்கு இந்தப் பொண்ணோட கழுத்துல கல்லை வைக்கப் பார்த்தியா?"

அபா ஹப்தே முதல் முறையாக வாயைத் திறந்தார். "ஆணியைக் கபிரியேல் போடல, எந்திரியாஸ். ஏதோ லாரிக்காரன் போட்டது. தேவதூதருக்கு வேற வேலை இருக்கு."

ஹாஜி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார்.

தெமிஸ்ஸே உடனே எழுந்து இரண்டு கைகளையும் விரித்தார். "சரி, சரி! உண்மை வந்துடுச்சு, கடவுளுக்கு நன்றி. இப்போ ரெண்டு பேரும் எழுந்திருங்க. எந்திரியாஸ், நீ மன்னிச்சுடுன்னு சொல்லு. அய்னாலெம், நீயும் சொல்லும்மா, முறைக்கு."

"அவ எதுக்குச் சொல்லணும்?" என்றேன்.

"முறை அப்படித்தானேப்பா. ஒரு கையில தட்டினா ஓசை வராது."

"இது கைதட்டல் இல்ல, தெமிஸ்ஸே. அவ தட்டல. அவ எழுந்திருக்க மாட்டா."

அய்னாலெம் எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, ஈரப் பஞ்சை ரப்பரிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தாள்.

எந்திரியாஸ் வெளியே போய்ச் சாக்கை அவிழ்த்தார். முகம் சிவந்திருந்தது. கல்லை எடுக்கக் குனிந்தார். நான் போய்க் கல்லின்மேல் காலை வைத்தேன்.

"வேண்டாம். எங்க வாசல்ல யாரும் கல் தூக்க வேண்டாம். இங்கே எட்டுப் பேர்தான் இருக்கோம். நீங்க எங்களைப் பத்திப் பேசினது நூற்றைம்பது பேர் முன்னாடி. எங்கே நின்னு பேசினீங்களோ அங்கேயே நின்னு சொல்லுங்க. அதே கூடாரத்துல, அதே இடத்துல."

"எல்லார் முன்னாடியும் என்னை அவமானப்படுத்தணும்கிறீங்க."

"நீங்க பேசினப்போ அதுக்குப் பேர் அவமானம்னு உங்களுக்குத் தோணல. இப்போ தோணுது. நல்லது."

தெமிஸ்ஸே என்னைத் தனியே இழுத்தார். நாற்பது வருடப் பழக்கம் எங்களுக்கு. என் தம்பியின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். "நீ ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறே, வுப்ஷெட். கூட்டத்துல அவன் பேசினா அவன் மில்லுக்கு யார் போவாங்க? விட்டுக்கொடு."

"மூணு வாரமா எங்க கடைக்கு யார் வந்தாங்கன்னு நீங்க கேட்டீங்களா?"

நாங்கள் சமரச விருந்துக்கு என்று எதுவும் சமைக்கவில்லை. பெரியவர்கள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார்கள். ஹாஜி மட்டும் திரும்பி வந்து, "வேலை முடியட்டும், நான் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் போவேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அய்னாலெம் காரைச் செய்யாமல் அனுப்பவில்லை. அதுவும் எங்கள் வீட்டு வழக்கம்தான். கையில் எடுத்த வேலையைக் கோபத்துக்காகப் பாதியில் விடமாட்டோம். கழற்றிய டயர்கள் இரண்டிலும் பஞ்சை முழுதாக எடுத்தாள், ஒன்றில் பஞ்சு இருக்க மற்றதில் இல்லாமல் போகக் கூடாது என்று. உட்புறத்தைக் காயவைத்தாள். பழைய ஒட்டைப் பிய்த்து முறையாக ஒட்டினாள். மறுபடி சமன் பார்த்தாள். மூன்று முறை சுற்றவிட்டாள். மூன்று முறையும் பூஜ்யம். மஞ்சள் புள்ளியை மூக்குக்கு நேராகப் புதிதாக வைத்தாள்.

ஹாஜி நூற்றுப் பத்துவரை ஓட்டிவிட்டு வந்து சாவியை ஃபெலெகெச்சிடம் கொடுத்தார். "ஸ்டீயரிங் உறங்குது" என்றார். ஃபெலெகெச் அய்னாலெமின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். கணவரைப் பின் இருக்கையில் உட்காரச் சொல்லி, தான் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

பிப்ரவரிக் கூட்டத்தில் எந்திரியாஸ் எழுந்து நான்கு வாக்கியம் சொன்னார். தான் சொன்னது பொய் என்றார். காரை ஜாக்கிலிருந்து யாரும் தவற விடவில்லை என்றார். சிரோவில் பஞ்சர் ஆனதைத் தானே மறைத்ததாகச் சொன்னார். கிஸாவ் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டார். உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து, "மன்னித்தோம்" என்று ஒரு வார்த்தை சொல்லி உட்கார்ந்தேன். தெமிஸ்ஸே அன்றிலிருந்து எனக்குத் தலையை மட்டும் அசைக்கிறார், பேசுவதில்லை. அது அவர் இஷ்டம். அதே சூழ்நிலை நாளை வந்தாலும் நான் அதையேதான் செய்வேன்.

இப்போது ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. எந்திரியாஸ் குளுபியிலிருந்து கொண்டுவந்த புனிதநீரை டயருக்குள் ஊற்றி வைத்திருந்தாராம். பொய் சொன்னதால் கபிரியேலே அந்தச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினாராம். அய்னாலெம் அந்தத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து வைத்திருக்கிறாளாம். புட்டி கேட்டுக் கடைக்கு இரண்டு பேர் வந்தும் விட்டார்கள்.

அது புனிதநீர் அல்ல. பஞ்சர்க் கடைப் பீப்பாய்த் தண்ணீர். அன்றே சாக்கடையில் ஊற்றியாயிற்று.